நூற்றுப் பதினெட்டாம் வீடு

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "வீட்ல யாருக்காவது ஜுரம், இருமல், சளி, மூச்சுத் திணறல் இருக்கா?" என்று கேட்பதுதான் பிரிஸில்லாவின் வேலை. ஒரு நாளைக்கு நூற்றுப் பதினெட்டு தடவை கேட்பாள். நோய் ஊருக்குள் நுழைந்து மூன்றாவது மாதம் அது. சாந்தோமில் அவள் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பள்ளிக்கூடம் மார்ச்சில் பூட்டியதோடு சரி. வார்டு ஆபீஸில் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய்ப் பேர் கொடுத்துவிட்டாள்.

காலை எட்டு மணிக்குக் கிளம்புவாள். கழுத்தில் அட்டை, முகத்தில் துணி மாஸ்க், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. கையில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கும் துப்பாக்கி, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, நீளவாக்கில் கோடு போட்ட ரிஜிஸ்தர். கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. பத்து மணிக்குள் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் மூச்சு படிந்து தெருவே புகைமூட்டமாகத் தெரியும். நொச்சிக்குப்பத்துக் குடியிருப்பில் நாற்பது வீடு, மயிலாப்பூர் பக்கம் பொன்னம்பலம் சந்திலும் அதை ஒட்டிய தெருவிலும் அறுபத்தைந்து, மீதி அவள் குடியிருந்த சூசையப்பர் சந்து. தெரு வரிசையில் எழுதிப் போனதால் அவள் வீடு கடைசியில் வந்தது, நூற்றுப் பதினெட்டு. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, கணவன் ஜாஸ்பரைப் பார்த்து, "சார், வீட்ல யாருக்காவது ஜுரம் இருக்கா?" என்பாள். "இல்லீங்க மேடம்" என்பான் அவன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். "இல்லை" என்று எழுதி ரிஜிஸ்தரை மூடுவாள்.

சிரிப்பெல்லாம் அந்த ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை வரைக்கும்தான்.

அன்றைக்குக் குப்பத்தில் தேசம்மா வீட்டு வாசலில் துப்பாக்கி நூற்றியொன்று காட்டியது. தேசம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கடற்கரைச் சாலை ஓரத்தில் பலகை போட்டு மீன் விற்பவள். அவள் பேரன் பிரிஸில்லாவிடம்தான் எழுத்துப் படித்தான். அதனால் அவளுக்கு இவள் டீச்சர்.

"ஜுரம்லாம் இல்ல டீச்சரு. விடிகாலைலேர்ந்து போட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன், அந்தச் சூடு. நீ தள்ளிப் போயிட்டு அப்பால வந்து பாரு."

பிரிஸில்லா மற்ற வீடுகளை முடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தாள். நூற்றியொன்று புள்ளி நாலு.

"எழுதாதம்மா" என்றாள் தேசம்மா. குரல் இறங்கிவிட்டது. "எழுதுனா வண்டி வந்துரும். வாசல்ல தகரம் அடிச்சிருவானுங்க. உள்ள மருமவ கீது, ரெண்டு புள்ளைங்க கீது. நாளைக்கு நான் திரும்பி வந்தாலும் எவன் என்னாண்ட மீன் வாங்குவான்? சொல்லு."

"மறைச்சா எல்லாருக்கும் பரவும்க்கா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எங்க வீடா இருந்தாலும் நான் இதைத்தான் செய்வேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. குப்பமே மாடியிலும் படிக்கட்டிலும் நின்று பார்த்தது. தேசம்மா தலைக்குக் குளித்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தாள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி. வண்டியில் ஏறும்போது பிரிஸில்லாவைத் திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் திட்டவில்லை. "எம்மருமவளாண்ட பால் பாக்கெட்டு மட்டும் வாங்கிக் குடுத்துரு டீச்சரு" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அதன்பிறகு இரண்டு பேர் வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். ஆணி இறங்குகிற சத்தத்துக்கு உள்ளே சின்னப் பிள்ளை அழுதது.

வியாழக்கிழமை சாயங்காலம் பிரிஸில்லா வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் கொதிக்க விட்டால் அந்தச் சந்தே மூக்கைத் தூக்கும். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் பவுல்சாமி எட்டிப் பார்த்து, "என்னம்மா, வாளையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஜாஸ்பர் அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா குழம்பு?" என்றான்.

அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் அவன் விளையாடவில்லை. கண் சிவந்து, சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்தான். ஜாஸ்பர் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சீரியல் விளக்கு கட்டுகிறவன். விசேஷம் எல்லாம் நின்றுபோனதும் சிநேகிதனுடைய லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தான். எங்கே தொற்றியதோ. பிரிஸில்லா பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவன் நெற்றிக்கு நேரே பிடித்தாள். நூறு புள்ளி எட்டு.

ரிஜிஸ்தர் அரிசிப் பானைமேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதப் போறியா?" என்றான் ஜாஸ்பர்.

"எழுதணும்ல."

"எழுதுனா இன்னா ஆவும்னு உனக்கே தெரியும். ஏற்கெனவே மேல இருக்கற ஆளு, உங்க வூட்டம்மா வேலைய விடலைன்னா காலி பண்ணுங்கன்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டாரு. இப்ப வாசல்ல தகரம் அடிச்சா இன்னா சொல்வாரு? அத்த வுடு. தேசம்மாவ அனுப்பி மூணு நாள் ஆவல. குப்பமே சிரிக்கும், ஊருக்கு உபதேசம் பண்ணவ வூட்டப் பாருன்னு. நாலு நாள் கசாயம் குடிச்சேன்னா பூடும் பிரிஸி. நான் வெளிய போவல. யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"நான் போறேனே."

"உனக்கு இன்னா? நீ நல்லாத்தான கீற."

அவள் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. குப்பத்துப் படிக்கட்டில் நின்று பார்த்த முகங்கள்தான் கண்ணில் வந்தன. 'எங்க வீடா இருந்தாலும்' என்று தான் சொன்னது காதில் வந்தது. அதைக் காப்பாற்ற ஒரே வழி, தன் வீட்டில் ஜுரமே இல்லாமல் இருப்பது. நூற்றுப் பதினெட்டுக்கு நேரே "இல்லை" என்று எழுதினாள். குழம்பை அவள் மட்டும் சாப்பிட்டாள். அவன் உப்பு தெரியவில்லை என்று தட்டை நகர்த்திவிட்டான்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஐந்து நாளும் போனாள். மாஸ்க் மேல் மாஸ்க் போட்டுக்கொண்டாள், கையில் மருந்தை ஊற்றி ஊற்றித் தோல் உரிந்தது. எட்ட நின்றே கேட்டாள். நாம் ஜாக்கிரதையாகத்தானே இருக்கிறோம் என்று ஒவ்வொரு கேட்டிலும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தேசம்மா வீட்டுத் தகரத்துக்கு மேலாகப் பால் பாக்கெட்டை நீட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னம்பலம் சந்தில் ஏழாம் நம்பர் வீடு சுவாமிநாதன் சாருடையது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது. அவரும் மனைவி அபயாம்பாளும் மட்டும்தான். பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர், பிரிஸில்லா வந்தால் விடமாட்டார். சூடு பார்க்க நெற்றியைக் காட்டியபடியே ஆரம்பிப்பார்.

"நொச்சிக்குப்பத்துலேர்ந்து வரயே, அங்க ஒரு நொச்சிச் செடியாவது இருக்கோ? இருக்காது. அந்தக் காலத்துல கரையோரம் பூரா நொச்சிதான் இருந்திருக்கணும். மணல் பிடிச்சு நிக்கும். இப்ப ஜனங்கள்லாம் ஆவி பிடிக்கறதுக்கு நொச்சி எலைக்கு அலையறா. பேரை வச்சுண்டு செடியை விட்டுட்டோம் பாத்தியோ."

"ஏன்னா, அவளுக்கு இன்னும் நூறு வீடு இருக்கு" என்பாள் மாமி உள்ளேயிருந்து.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. பிரிஸில்லா அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாமி ஓடிவந்து கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வா. சொல்றேன் கேளு, உள்ள வந்து ஃபேனடில உக்காரு. என்ன வேலை இது, பொண்ணை இப்படி வெயில்ல அலைய விட்டுண்டு."

"வேணாம் மாமி, நாங்க உள்ள வரக் கூடாது."

"எந்தச் சட்டம்? வா."

போனாள். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். மாமி பெரிய டம்ளரில் நீர்மோர் கொண்டுவந்தாள், இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கிள்ளிப் போட்டது. பிரிஸில்லா முகத் தடுப்பைக் கழற்றினாள். இரண்டு மாஸ்க்கையும் தாடைக்கு இறக்கினாள். ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு டம்ளர் வந்தது. சுவாமிநாதன் சார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முருங்கைக்கும் புங்கைக்கும் வெயிலில் இலை எப்படி மடங்கிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பதில் சொன்னாள், சிரிக்கவும் சிரித்தாள். பத்து நிமிஷம் இருக்கும். பத்து நாளாக யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அந்தச் சுகத்தில் வீட்டில் ஒருவன் ஜுரத்தோடு படுத்திருப்பதே மறந்துபோயிற்று. தெருவுக்கு வந்து மாஸ்க்கை மேலே இழுக்கும்போதுதான் நினைவு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு அடி வைத்தாள். பிறகு எட்டாம் நம்பர் வீட்டு மணியை அடித்தாள்.

புதன்கிழமை காலை ஏழாம் நம்பரில் சார் கேட்டுக்கு வரவில்லை. உள்ளே நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கினார்.

"வாம்மா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து லேசா ஜுரம் அடிக்கறாப்ல இருக்கு. தொண்டையும் கட்டிண்டிருக்கு. எழுதிக்கோ."

அபயாம்பாள் மாமிக்கு முகம் வெளுத்திருந்தது. "வெறும் ஜலதோஷமா இருக்கும்னா. ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்லலாமே. ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிட்டா நான் தனியா..."

"அந்தப் பொண்ணு தினம் வெயில்ல வந்து கேக்கறதே எதுக்காக? உள்ளதைச் சொல்லாம இருந்தா அவ நடக்கறதுக்கே அர்த்தம் இல்லையே. எழுதிக்கோம்மா. சுவாமிநாதன், எழுபத்திரண்டு, ஜுரம் உண்டு."

பிரிஸில்லா எழுதினாள். விரலில் கருவியை மாட்டினால் தொண்ணூற்று மூன்று காட்டியது, தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தெருமுனைக்கு வந்து வார்டுக்குப் போன் போட்டு வண்டிக்குச் சொன்னாள். அதற்கப்புறம் அவளால் அடுத்த வீட்டுக்குப் போக முடியவில்லை. நேராக வார்டு ஆபீசுக்கு நடந்தாள்.

சூப்பர்வைசர் பொன்னுரங்கம் ஒரு மேஜையில் மூன்று போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதமாக அவர் வீட்டுக்குப் போகவில்லை. மூலையில் பாய் சுருட்டி வைத்திருந்தது. அவள் வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். குழம்பு வாசனை தெரியாதது, 'இல்லை' என்று எழுதியது, ஐந்து நாள் போனது, மோர் குடித்தது.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. இன்னிக்குக் காலைலதான் உன் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்துச்சு. புரியுதா? இன்னிக்குத் தேதில எழுது."

"சார், அந்த வீடுங்களுக்கெல்லாம்..."

"ஏம்மா, நான் மட்டும் ஆசைப்பட்டா சொல்றேன்? அஞ்சு நாள் முன்னாடின்னு எழுதுனா நூத்திப் பதினேழு வீட்டுக்கும் டெஸ்ட் எடுக்கணும். குச்சி எங்க இருக்கு? ஆள் எங்க இருக்கு? முப்பது பேர்ல பதினோரு பேர் பயந்துக்கினு நின்னுட்டாங்க. உன் கதை வெளிய போச்சுன்னா மீதிப் பேருக்கும் எவனும் கதவத் தொறக்க மாட்டான். நீ மாஸ்க் போட்டுக்கினுதான போன? கர்த்தர் பாத்துப்பார், எழுது."

அந்த நிமிஷம் அவள் மறுத்திருக்கலாம். உள்ளதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல நிம்மதியாக இருந்ததே, அதைத்தான் பிறகு எப்போதும் அவளால் மன்னிக்க முடியவில்லை. ரிஜிஸ்தரைத் திறந்து, நூற்றுப் பதினெட்டுக்கு நேரே, அன்றைய தேதியில், "ஜுரம் உண்டு" என்று எழுதினாள்.

சோதனையில் அவளுக்கும் ஜாஸ்பருக்கும் இரண்டு பேருக்குமே நோய் இருந்தது. அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வண்டி வந்தது, சூசையப்பர் சந்திலும் தகரம் அடித்தார்கள். ஒரு கல்லூரியின் வகுப்பறைகளில் பெஞ்சை எல்லாம் அகற்றிக் கட்டில் போட்டிருந்த இடத்தில் பதினாலு நாள் இருந்தார்கள். மூன்றாம் நாள் ஜாஸ்பர் ஆண்கள் பக்கத்திலிருந்து போன் செய்தான்.

"பிரிஸி, வாட்சப்பு பாத்தியா? உன் போட்டோ போட்டுக்கிறாங்க."

வார்டு குழுவில் பொன்னுரங்கம்தான் போட்டிருந்தார். கழுத்தில் அட்டையோடு அவள் படம். 'கடமையே பெரிதென்று சொந்த வீட்டையே தெரிவித்த களப்பணியாளர் சகோதரி பிரிஸில்லா.' கீழே கைகூப்புகிற படங்களும் பூங்கொத்துப் படங்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. காலி பண்ணச் சொன்ன பவுல்சாமிகூட, 'எங்கள் வீட்டில் குடியிருப்பவர்' என்று எழுதியிருந்தார். அவள் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அவளுக்குப் பதிலாக வந்த பெண் சில நாள் போன் செய்து வீடுகளைப் பற்றி விசாரிப்பாள். அப்படித்தான் தெரிந்தது. அவள் வரிசையில் அந்த இரண்டு வாரத்துக்குள் நான்கு வீட்டில் ஜுரம். எது தன்னால், எது காய்கறிக் கடையால், எது பால்காரரால், யாருக்குத் தெரியும்? தெரியாது என்பதில் ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தாள். கிடைக்கவில்லை. சுவாமிநாதன் சார் ஆக்சிஜனில் இருப்பதாகச் சொன்னாள் அந்தப் பெண். மாமிக்கு ஒன்றும் இல்லை, தகரத்துக்குப் பின்னால் தனியாக இருக்கிறாள் என்றும் சொன்னாள்.

திரும்பி வந்த வாரத்தில் ஆபீசில் பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை போட்ட பச்சைத் துண்டு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். ஆபீசிலிருந்து வெளியே வந்ததும் அதை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கடற்கரைச் சாலை வழியாக நடந்தாள்.

தேசம்மா அங்கே இருந்தாள். பலகையில் சங்கராவும் கொஞ்சம் நண்டும் பரப்பி, ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள். சாலையில் கூட்டம் இல்லை. பிரிஸில்லா தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தாள்.

"டீச்சரு! இன்னா, பாக்காத போற? இங்க வா."

போய் நின்றாள்.

"உம்மேல எனக்கு எம்மாங் கோவம் தெரியுமா? அங்க படுத்துக்கினு தெனம் உன்னியத் திட்டுனேன். மாதாவ வேண்டிக்கினு திட்டுனேன். அப்பால எம்மருமவ போன்ல உன் போட்டோவக் காமிச்சா. தம்வூட்டயே எழுதிக் குடுத்துச்சாமேன்னா. அன்னிக்கு சொன்னியே, எங்க வூடா இருந்தாலும்னு. சொன்ன மாதிரியே செஞ்சிட்ட. எனக்கு மனசு ஆறிப்போச்சு." சொல்லிக்கொண்டே பலகையில் இருந்ததிலேயே பெரிய சங்கராவாக நான்கு பொறுக்கிப் பையில் போட்டு, பிரிஸில்லாவின் கையில் மாட்டினாள். "அண்ணனுக்கு நல்லா வறுத்துப் போடு. ஒடம்பு தேறட்டும்."

பை ஈரமாகக் கனத்தது.

"அக்கா, அவருக்கு வியாழக்கிழமையே ஜுரம்."

"எந்த வியாயக்கிழமை?"

"உங்கள அனுப்பின வாரத்து வியாழன். நான் எழுதல. இல்லைன்னு எழுதினேன். அஞ்சு நாள் எல்லா வீட்டுக்கும் போனேன். அப்புறம்தான் சொன்னேன். தேதி மாத்தி எழுதினது."

தேசம்மா அவளையே பார்த்தாள். "எங்க வூட்டுக்கும் வந்தியா? புள்ளைங்க இருந்துச்சே."

"வந்தேன். பால் குடுக்க."

தேசம்மா எழுந்தாள். கையை நீட்டிப் பையை வாங்கினாள். நான்கு மீனையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் முன்னே இருந்த இடத்திலேயே வைத்தாள். செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தாள். ஒரு ஸ்கூட்டர்க்காரர் வந்து நின்று விலை கேட்டார். அவருக்குச் சொல்லி, பேசி, நிறுத்துக் கொடுத்து அனுப்பினாள். பிரிஸில்லா நின்றுகொண்டே இருந்தாள்.

"எம்புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவல" என்றாள் தேசம்மா கடைசியில், மீனைப் பார்த்துக்கொண்டே. "அதனால பேசிக்கினு கீறேன். ஆயிருந்தா பேசமாட்டேன். யாருக்கு ஆச்சோ அவங்களாண்ட போய்ச் சொல்லு. என்னாண்ட நின்னு இன்னா பிரயோசனம்? நவுரு, பலகைய மறைக்கற, யாவாரம் பாக்கணும்."

சுவாமிநாதன் சார் இருபத்திரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார். வந்த மறுநாள் பிரிஸில்லா பொன்னம்பலம் சந்துக்குப் போனாள். ரிஜிஸ்தர் இல்லை, துப்பாக்கி இல்லை. வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள், பொன்னுரங்கம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏழாம் நம்பர் வீட்டில் தகரம் அடித்த ஆணி ஓட்டைகள் கேட்டுத் தூணில் அப்படியே இருந்தன.

மாமி அவளைப் பார்த்ததும், "வா, வா. உனக்கும் வந்துடுத்தாமே, கேள்விப்பட்டேன். தேவலையா?" என்று கதவைத் திறந்தாள். பிரிஸில்லா உள்ளே போய், வாசற்படியை ஒட்டியே நின்றாள்.

சார் அதே நாற்காலியில் இருந்தார். சட்டை அவர்மேல் தொங்கியது. அவளைப் பார்த்துச் சிரித்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "ஜாஸ்தி பேசப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள் மாமி. "நாலு வார்த்தைக்கு மேல போனா மூச்சு வாங்கறது. ஜன்னலண்ட மரத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கார். இவர் பேசாம இருக்கறதுதான் எனக்கு..."

பிரிஸில்லா சொன்னாள். உட்காராமல், நிறுத்தாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வியாழக்கிழமை, ரிஜிஸ்தர், மோர் குடித்த சனிக்கிழமை, மாஸ்க்கை இறக்கியது, தெருவுக்குப் போய் நினைவு வந்தும் திரும்பி வராதது, பொன்னாடை எல்லாம். என்னாலதான் வந்துச்சான்னு தெரியாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

மாமி சுவரோரம் இருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சார் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார். பேசத்தான் போகிறார் என்று தெரிந்தது. மாமி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர் கேட்கவில்லை.

"நீ... தினம் கேட்ட."

மூச்சு வாங்கினார்.

"நாங்க..."

மறுபடி காத்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது.

"நாங்க... உள்ளதைச் சொன்னோம்."

அவ்வளவுதான். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. விடாமல் இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையலறை நிலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருப்பது தெரிந்து, பிரிஸில்லா அதை எடுக்க இரண்டு அடி முன்னே வைத்தாள்.

"நீ அங்கேயே இரும்மா" என்றாள் மாமி. "நான் எடுத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற அதே குரலில்தான் சொன்னாள். மாமி எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கூடத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வரும்வரை, பிரிஸில்லா வைத்த அடியைப் பின்னால் எடுத்து வாசற்படியோரம் நின்றுகொண்டிருந்தாள். போ என்று அவர்கள் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.